நற்செய்தி மரபின் இறையியலும் கொல்லிமலைக் கைப்பிடி மண்ணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1708ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் ஒரு நூற்பட்டியல் எழுதப்பெற்றது. எழுதியவர் சீகன்பால்கு. 1706 சூலை 9ஆம் நாள் அங்குக் கரையிறங்கிய செருமானிய இளைஞர். முப்பது அகவை நிரம்புவதற்கு முன்பே தமிழ் கற்று, ஓலைச்சுவடிகளைத் திரட்டி, திருக்குறள் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் பெயரும் பொருளும் மதிப்பும் குறித்து ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பினார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தவரும் அவரே. பிறர் சமயத்தைத் திருத்த வந்தவர், அதற்கு முன்னர் அவர்தம் நூல்களைக் கற்க வேண்டும் என்னும் நேர்மையை உடையவராக இருந்தார். அப்பட்டியல், ‘தமிழரை அறிய விரும்புவோர் கற்க வேண்டிய நூல்கள் இவை’ என்று ஒரு கிறித்தவத் தொண்டர் மேலை நாட்டாருக்கு வழங்கிய பரிந்துரையாகும்.

மூன்று நூற்றாண்டுகள் கடந்தபின் அப்பரிந்துரைக்குக் கைம்மாறாக ஒரு பட்டியல் தேவைப்படுகிறது. அவர் சார்ந்திருந்த மரபின் இன்றைய இறையியலை அறிய விரும்பும் தமிழ்க் கவிஞர் எந்நூல்களைக் கற்கலாம்? எவ்வரிசையில் கற்கலாம்? எங்கே உடன்படலாம், எங்கே மறுக்கலாம்? இவ்வுரையின் நோக்கம் இதுவே.

1. மரபின் இலக்கணம்

ஆங்கிலத்தில் ‘எவாஞ்சலிகல்’ என்று வழங்கும் மரபைத் தமிழில் நற்செய்தி மரபு எனலாம். சீர்திருத்தச் சபைகளுக்குள் பல பிரிவுகளையும் ஊடறுத்துச் செல்லும் ஓர் இயக்கம் இது. பிரித்தானிய வரலாற்றறிஞர் டேவிட் பெபிங்டன் 1989இல் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு அடையாளங்களை வரையறுத்தார். மனமாற்றம் வேண்டும் என்பது ஒன்று. விவிலியமே தலையாய சான்று என்பது இரண்டு. கிறித்துவின் சிலுவையே மீட்பின் நடுவிடம் என்பது மூன்று. நம்பிக்கை செயலாக வெளிப்பட வேண்டும் என்பது நான்கு. இந்நான்கும் ஒருசேர நிற்பதே நற்செய்தி மரபு. கிறித்தவம் முழுவதும் இதுவன்று. கத்தோலிக்கரும் பிறரும் வேறு வழிகளில் நடப்பர்.

இம்மரபு இச்சமவெளிக்குப் புதிதன்று. சேலத்தில் இலண்டன் மிஷனார் 1827இல் பணி தொடங்கினர். சேந்தமங்கலத்தையும் கொல்லிமலையையும் சார்ந்து ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனார் பணியாற்றினர். பள்ளி, மருத்துவம், அச்சேறிய தமிழ் உரைநடை ஆகியவற்றோடு இம்மரபு இம்மண்ணில் கால்கொண்டது. எனவே இதனைக் கற்பது அயலாரைக் கற்பதன்று; அண்டை வீட்டாரைக் கற்பதாகும்.

2. கவிஞர்க்கு இதனால் ஆவது என்ன?

திருக்கூட்டத்தைச் சாராத கவிஞர் இறையியல் நூலை ஏன் தொட வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பு. விடை தமிழ்ப் பாடத்திட்டத்திலேயே உள்ளது. எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற புலவர் அவர். பனியனின் ஆங்கிலப் பயண உருவகத்தைத் தழுவி அவர் பாடிய காப்பியம் கல்லூரி வகுப்பறைகளில் உவமைக்காகவும் கம்பனின் செல்வாக்குக்காகவும் பேசப்பெறுகிறது. அதன் உயிர்நாடியான கோட்பாடோ பெரும்பாலும் பேசப்பெறுவதில்லை.

பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் வீழும் கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் மரபில் மட்டும் பயின்றவர் அதனை வினை தீர்தல் என்று கொள்வர். ஆனால் அங்கே வினை தேய்ந்து தீரவில்லை. வேறொருவர் அதனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதே புலவர் கூறுவது. வடகலையார் குரங்குக் குட்டியையும் தென்கலையார் பூனைக் குட்டியையும் காட்டி அருளை விளக்குவர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டி ஒன்று; தாய் கவ்விச் செல்லும் குட்டி மற்றொன்று. கிருட்டிணப் பிள்ளை இரண்டாவதன் பக்கம் நிற்பவர் போலத் தோன்றுவார். ஆயினும் சுமந்து செல்லும் தாய் அச்சுமையால் காயமுற்று இறக்கிறாள் என்னும் செய்தி அவ்வுவமையில் இல்லை. அவ்வேறுபாட்டை உணராத வாசகர் காப்பியத்தின் கண்ணீரைத் தவற விடுவர். இறையியல் அறிவு இங்கே இலக்கியச் சுவைக்கே துணையாகிறது.

3. தொடக்க நூல்கள்

முதலில் கற்கத்தக்கவை இரண்டு. ஜே.ஐ. பாக்கரின் ‘நோயிங் காட்’ 1973இல் வெளிவந்தது. கடவுளைப் பற்றி அறிதல் வேறு, கடவுளை அறிதல் வேறு என்பதே நூலின் அடித்தளம். நூலறிவையும் அனுபூதியையும் பிரித்துக் காணப் பழகிய தமிழர்க்கு இந்நூலின் வாயில் எளிதில் திறக்கும். பாக்கர் கூறும் அறிவு உறவின் அறிவு. மறையைக் கற்றலின்றி அது வாராது என்று அவர் வற்புறுத்துவார். கல்வியைத் தாண்டிய அனுபவத்தைப் போற்றும் சித்தர் மரபோடு இவ்விடத்தில் அவர் மோதுவார். அம்மோதலை உணர்ந்து கற்பதே பயன் தரும்.

அடுத்தது ஜான் ஸ்டாட்டின் ‘தி கிராஸ் ஆஃப் கிரைஸ்ட்’. 1986இல் வெளிவந்த இந்நூல் இம்மரபின் நடுத்தூண் எனலாம். துன்புறும் உலகில் துன்பமே அறியாத கடவுளை நம்ப இயலாது என்பது ஸ்டாட்டின் வாதம். நூலின் இறுதிப் பகுதியில் அமைதியாக வீற்றிருக்கும் புத்தர் திருவுருவத்தையும் சிலுவையில் தொங்கும் உருவத்தையும் எதிரெதிர் வைப்பார். இங்கே தமிழ் வாசகர் நின்று மறுக்கலாம். மணிமேகலையின் கையில் அமுதசுரபியைக் கண்டவர்க்குப் பௌத்தம் துன்பத்தினின்று விலகி நிற்கும் சமயமாகத் தோன்றாது. ஸ்டாட் சிலுவையைச் சரியாகக் கண்டார். புத்தரை விரைந்து கடந்தார். நல்ல நூலையும் இவ்வாறு தடுத்து நிறுத்திக் கேட்பதே கற்றலாகும்.

இம்மரபு தன்னைத்தானே விமரிசிக்கவும் அறியும். அமெரிக்க வரலாற்றறிஞர் மார்க் நோல் 1994இல் ‘தி ஸ்கேண்டல் ஆஃப் தி எவாஞ்சலிகல் மைண்ட்’ என்னும் நூலை எழுதினார். தம் மரபினர் ஆர்வத்தை வளர்த்த அளவிற்குச் சிந்தனையை வளர்க்கவில்லை என்று உள்ளிருந்தே குற்றம் சாட்டியவர் அவர். அறிவியலையும் வரலாற்றையும் அஞ்சும் பத்தி நெடுநாள் நில்லாது என்பது அவர் கருத்து. எந்தச் சமயத்தாரும் தம் கூட்டத்தை நோக்கி எழுப்பிக்கொள்ளத்தக்க வினா இது.

4. உரை நூல்கள்

பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் போற்றும் மரபினர்க்கு உரையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விவிலியத்திற்கும் உரை மரபு உண்டு. கிரெய்க் கீனர் 1993இல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய பின்புல உரை, ஒவ்வொரு பகுதிக்கும் அக்காலத்து வழக்கம், சட்டம், விருந்து முறை, மானம் அவமானம் பற்றிய எண்ணங்கள் ஆகியவற்றை விளக்குகிறது. பாட்டைத் திணையும் துறையும் அறிந்து படிப்பதற்கு ஒப்பானது இம்முறை.

கவிஞர்கள் தவறாது கற்க வேண்டியவர் கென்னத் பெய்லி. மத்தியக் கிழக்கு நாடுகளில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வாழ்ந்து கற்பித்தவர், 2016இல் மறைந்தார். ‘பொயட் அண்ட் பெசண்ட்’ 1976இலும், அதன் தொடர்ச்சியான ‘த்ரூ பெசண்ட் ஐஸ்’ 1980இலும், ‘ஜீசஸ் த்ரூ மிடில் ஈஸ்டர்ன் ஐஸ்’ 2008இலும் வந்தன. முதல் நூலின் பெயரே கவிஞரையும் குடியானவரையும் இணைத்துள்ளது. இயேசுவின் உவமைகளுக்குக் கவிதைக் கட்டமைப்பு உண்டு என்பதையும், அவற்றின் பொருள் சிற்றூர் மக்களின் வாழ்வில் பொதிந்துள்ளது என்பதையும் பெய்லி நிறுவ முயன்றார்.

கெட்ட மகனின் உவமை யாவரும் அறிந்ததே. தந்தை உயிரோடிருக்கும்போதே இளைய மகன் தன் பங்கைக் கேட்கிறான். இவ்வாறு எவரேனும் கேட்டதுண்டா என்று பெய்லி பல நாட்டுச் சிற்றூர்களில் வினவினார். கேட்டதில்லை, கேட்கவும் கூடாது என்பதே அவர் பெற்ற விடை. அவ்வாறு கேட்பது தந்தையின் சாவை விரும்புவதற்கு ஒப்பாகும். பின்னர் மகன் திரும்பி வருகையில் தந்தை ஓடிச் சென்று தழுவுகிறார். பெரிய மனிதர் தெருவில் ஓட மாட்டார். ஓடினால் மதிப்புக் குறையும். ஊரார் மகனை இகழ்வதற்கு முன்னர் அவ்விகழ்ச்சியைத் தந்தை தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது பெய்லியின் விளக்கம்.

இராசிபுரத்திலோ பரமத்தியிலோ பாகப்பிரிவினையால் இரண்டுபட்ட குடும்பத்தை அறிந்தவர்க்கு இவ்விளக்கத்திற்கு மேல் விளக்கம் வேண்டா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதியவர் ஒருவர் ஊரார் காண ஓடி வருகிறார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். மேலை நாட்டு நகரத்தார்க்கு நூல்வழி விளக்க வேண்டியது இச்சமவெளியின் உழவர்க்கு வாழ்வாகவே விளங்கும்.

இந்த உண்மையை உணர்ந்தே தென்னாசிய அறிஞர்கள் கூடி ஒற்றைத் தொகுதியாக ஒரு விவிலிய உரையை 2015இல் வெளியிட்டனர். பிரையன் விண்டில் தலைமைப் பதிப்பாசிரியர். ‘சவுத் ஏசியா பைபிள் காமென்டரி’ என்னும் இவ்வுரையில் சாதி, குலதெய்வம், வரதட்சிணை, வறுமை, பல சமயச் சூழல் ஆகியன விவிலியப் பகுதிகளோடு பொருத்திப் பேசப்பெறுகின்றன. ஒரே ஓர் உரைநூலை வாங்க இயலும் எனின் இதனை வாங்கலாம்.

5. வரலாற்று நூல்கள்

தமிழ்நாட்டு நற்செய்தி மரபின் தொடக்க வரலாற்றுக்கு டென்னிஸ் ஹட்சனின் ‘புராட்டஸ்டண்ட் ஆரிஜின்ஸ் இன் இந்தியா’ சிறந்த வாயில். 2000இல் வெளிவந்த இந்நூல் 1706 முதல் 1835 வரை தமிழ் நற்செய்திக் கிறித்தவரின் வரலாற்றை ஆராய்கிறது. மிஷனாரை விட்டுத் தமிழரை நடுவில் நிறுத்தியது இதன் சிறப்பு.

இந்நூல் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய பெரும் புலவர். அவர் கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. ஆனால் புதிய மிஷனார் ஆலயத்திற்குள் சாதி வேற்றுமையை நீக்க முற்பட்டபோது அதனை எதிர்த்து எழுதியவரும் அவரே. பழைய பாட்டு முறைகளையும் அவர்கள் குறை கூறியமையால் அவர்தம் சினம் இரட்டிப்பாயிற்று. தமிழிசையைக் காத்த கையே சாதியையும் காத்தது. கவிதையின் இனிமை கவிஞரின் நெஞ்சுக்குச் சான்றிதழ் ஆகாது என்பதைக் கவிஞர் அவையில் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையைச் சபையில் முற்றாக விலக்க ஆணையிட்டார். ஆணை வந்தது, சாதி போயிற்றா என்பது வேறு வினா.

அவ்வினாவைத் தொடர்வோர் சாமுவேல் ஜெயக்குமார் 1999இல் வெளியிட்ட தலித் விழிப்புணர்வும் மதமாற்றமும் பற்றிய ஆய்வைக் கற்க வேண்டும். நெல்லைச் சீமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றது தம் மாண்பைத் தாமே மீட்டுக்கொண்ட செயல் என்பது அவர் வாதம். தலித் இறையியலாரோடு அவர் வழக்காடுகிறார். இருதரப்பையும் கற்றபின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

மொழியில் நாட்டமுடையோர்க்கு ஹெப்சிபா இஸ்ரேல் 2011இல் வெளியிட்ட நூல் விருந்தாகும். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளின் சொற்போரை அது விரித்துரைக்கிறது. பெப்ரீசியஸ் பெயர்ப்பில் ‘பராபரன்’. 1871இல் நிறைவெய்திய பவர் குழுவினரின் பெயர்ப்பில் ‘தேவன்’. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலிய’த்தில் ‘கடவுள்’. ஒரு சொல்லுக்கு இத்தனை மாற்றம் ஏன் நேர்ந்தது, அவற்றுள் ஒன்றை மட்டும் மக்கள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது ஏன் என்பன கவிஞர்க்கும் உரிய வினாக்கள். அக்குழுவுக்குத் தலைமை தாங்கிய பவர், சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1868இல் அச்சிட்டவர் என்பதும் இங்கு நினையத்தக்கது. உ.வே. சாமிநாதையர் 1887இல் முழு நூலையும் பதிப்பிப்பதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்னர் நிகழ்ந்தது அது. விவிலியத்தைத் தமிழாக்கியவர் சமணக் காப்பியத்திலும் தோய்ந்திருந்தார்.

6. பல சமயச் சூழலில்

லெஸ்லி நியூபிகின் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர். 1947 முதல் மதுரை இராமநாதபுரத்திலும், 1965 முதல் 1974 வரை சென்னையிலும் பணியாற்றியவர். முழுமையாக நற்செய்தி மரபினர் என்று அவரைச் சுட்ட இயலாது எனினும் அம்மரபினர் விரும்பிக் கற்கும் ஆசிரியர் அவரே. காஞ்சிபுரத்தில் இருந்த நாள்களில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு வாரந்தோறும் அமர்ந்து, ஒரு வாரம் உபநிடதமும் மறுவாரம் யோவான் நற்செய்தியும் கற்றார். அக்கல்வியின் கனி 1989இல் வெளிவந்த ‘தி காஸ்பல் இன் எ புளூரலிஸ்ட் சொசைட்டி’. தம் நம்பிக்கையை விடாமலும் பிறர் நம்பிக்கையை இகழாமலும் பேச இயலுமா என்பதே நூலின் தேடல். காஞ்சியின் திண்ணையில் தொடங்கிய உரையாடல் மேலை நாட்டுக்குப் பாடமாயிற்று.

இலங்கையிலிருந்து இரு குரல்கள் குறிப்பிடத்தக்கன. அஜித் பெர்னாண்டோ உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் இளைஞரிடையே பணியாற்றியவர். 2007இல் வெளிவந்த அவருடைய ‘தி கால் டு ஜாய் அண்ட் பெயின்’, மகிழ்ச்சியும் துன்பமும் ஒருங்கே வாழும் இல்லமாகக் கிறித்தவ வாழ்வைக் காட்டுகிறது. வினோத் இராமச்சந்திரா அணுப் பொறியியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அவருடைய ‘காட்ஸ் தட் ஃபெயில்’ 1996இல் வந்தது. அறிவியல், வளர்ச்சி, அரசு ஆகியவற்றை மனிதர் தெய்வமாக்கி வழிபடும் முறையை அது அம்பலப்படுத்துகிறது.

7. கொல்லிமலை தந்த நூல்கள்

இதுகாறும் கூறியவை பிற ஊர்களில் பிறந்த நூல்கள். இனிக் கூறப்படுவது இச்சமவெளியினின்று அண்ணாந்து நோக்கினால் தெரியும் மலையில் வேர்விட்டது.

கொல்லிமலை தமிழ்க் கவிஞர்க்கு வல்வில் ஓரியின் மலை; கொல்லிப்பாவையின் மலை; அறப்பளீசுவரர் எழுந்தருளிய மலை. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறலாம். சாலை இல்லாத 1913இல், ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய இணையர் திருமணம் முடிந்தவுடன் இம்மலையில் குடியேறினர். காய்ச்சலுக்கும் நரம்புச் சிலந்திக்கும் மருந்திட்டனர்; பிள்ளைகட்கு எழுத்தறிவித்தனர். 1974இல் லோசானில் கூடிய உலக நற்செய்தி மாநாடு, நற்செய்தியும் சமூகப் பொறுப்பும் பிரிக்கவொண்ணாதவை என்று ஸ்டாட் வரைந்த உடன்படிக்கையில் அறிவித்தது. அறுபதாண்டுகளுக்கு முன்பே கொல்லிமலையில் அது நடைமுறையாயிருந்தது.

1914 சூலையில் அவர்கட்கு மகன் பிறந்தான். பால் பிராண்ட் என்னும் அக்குழந்தை மலைச் சிறுவரோடு விளையாடி வளர்ந்து, ஒன்பதாம் அகவையில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பெற்றான். தந்தை மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றி விடாது மடல் எழுதி வந்தார். 1929இல் ஜெசி பிராண்ட் காய்ச்சலால் மறைந்தார். தந்திச் செய்தி முன்னே சென்றது. கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் மடல்களோ அதன் பின்னரும் வாரக்கணக்கில் மகன் கையை அடைந்துகொண்டிருந்தன. இறந்த தந்தை மலையின் அழகை மகனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகன் மருத்துவராகி 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை வகுத்தார். விரல்கள் நோயால் தாமே அழுகி உதிர்வதில்லை. வலியுணர்வு இழந்தமையால் காயம் மேல் காயம் பட்டு அழிகின்றன என்பதைத் தம் ஆய்வால் நிலைநாட்டினார். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க இயலாதபோது தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததை அவன் உணராததையும் அவர் எழுதியுள்ளார். இரவில் உறங்குவோரின் விரல்களை எலிகள் கடித்ததும், அதனைத் தடுக்க ஒவ்வொருவர்க்கும் ஒரு பூனை வழங்கியதும் அவர் எழுத்தில் உண்டு.

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் யான்சியோடு அவர் எழுதிய மூன்று நூல்கள் இம்மரபில் பெரிதும் வாசிக்கப்பெற்றன. ‘ஃபியர்ஃபுல்லி அண்ட் வொண்டர்ஃபுல்லி மேட்’ 1980இலும், ‘இன் ஹிஸ் இமேஜ்’ 1984இலும், ‘பெயின்: தி கிஃப்ட் நோபடி வாண்ட்ஸ்’ 1993இலும் வெளிவந்தன. முதல் நூலின் தலைப்பு 139ஆம் சங்கீதத்தினின்று எடுத்தது. உடலின் உயிரணு, எலும்பு, தோல் ஆகியவற்றைக் கொண்டே சபை என்னும் உடலை விளக்குவது இந்நூல்களின் முறை. வலி தண்டனை அன்று, கொடை என்பது அவற்றின் மையம். ஓர் உறுப்பின் வலியை மற்றோர் உறுப்பு உணராதபோது உடல் தொழுநோயுற்றதாகும். சேரியின் வலியை ஊர் உணராத நாட்டில் இவ்வுருவகம் இறையியலோடு நின்றுவிடுவதில்லை.

மூன்று நூல்களினும் சிறியதாய், மூன்றினும் ஆழமாய் அமைந்தது பிராண்ட் எழுதிய ஒரு கட்டுரை. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் மட்’, அதாவது கைப்பிடிச் சேறு என்பது அதன் பெயர். படிப்படியாய் அமைந்த மலை வயலில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடுகின்றனர். அவர்கள் கால்பட்டுக் கலங்கிய நீர் வரப்பைத் தாண்டிக் கீழ் வயலுக்கு ஓடுகிறது. தாத்தா ஒருவர் வருகிறார். அடி விழும் என்று சிறுவர்கள் அஞ்சுகின்றனர். அவர் அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். இந்தச் சேற்றில்தான் சோறு இருக்கிறது, ஆண்டுதோறும் அது சோறு தரும், ஓடிப்போன மண் மலைக்குத் திரும்பி ஏறாது என்பது அவர் புகட்டிய பாடம். அதனைக் கேட்ட சிறுவன் உலகப் புகழ்பெற்ற மருத்துவனாகி, முதுமையிலும் அக்கைப்பிடிச் சேற்றை மறவாது எழுதினான்.

இக்கட்டுரையை இருமுறை கற்றல் வேண்டும். முதன்முறை கற்கையில் சூழலியல் தெரியும். சாமையும் தினையும் விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவிய வரலாற்றை இச்சமவெளியினர் அறிவர். மழையில் செந்நீராய் இறங்கி வரும் ஓடைகளைக் கண்டவர்க்குத் தாத்தாவின் சொல் வெறும் கதையாகாது.

இரண்டாம் முறை கற்கையில் வேறொன்று தெரியும். அத்தாத்தாவுக்கு அங்கே பெயர் இல்லை. அவர் பேசியது தமிழ். ஆனால் அவர் சொல் உலகுக்குக் கிடைத்தது ஆங்கிலத்தில். பிராண்ட் நன்றியோடுதான் எழுதினார். அவர்மேல் குற்றம் இல்லை. ஆயினும் நற்செய்தி மரபின் நூல்கள் பலவற்றில் மலைமக்களும் சிற்றூராரும் பெயரின்றிப் பின்னணியில் நிற்கின்றனர் என்பதை மறுக்க இயலாது. உவமைக்கு உயிர் கொடுத்த குடியானவரும், வலிக்குப் பொருள் கற்பித்த தொழுநோயாளியும், மண்ணை இறையியலாக்கிய தாத்தாவும் ஆசிரியர் வரிசையில் இடம்பெறவில்லை. ஓடிய மண் மலைக்குத் திரும்பாது என்றார் தாத்தா. ஓடிய சொல் திரும்புமா?

ஈவ்லின் அம்மையாரையும் நினையாமல் இப்பகுதியை முடிக்க இயலாது. ஓவியம் பயின்றவர் அவர். கணவர் மறைந்தபின்னும், முதுமை வந்தபின்னும் மலையை விட்டு அகல மறுத்தார். அகவை மிகுந்தவர் என்று மிஷன் அனுப்ப மறுத்தபோது, பணி ஓய்வுக்குப் பின் தம் பொறுப்பிலேயே மலைகளில் தங்கினார். கல்வராயன், பச்சைமலை எனப் பிற மலைகளிலும் பணி செய்தார். தம் முதுமையில் இல்லத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகிறார். 1974 டிசம்பரில் 95ஆம் அகவையில் மறைந்து, கொல்லிமலையின் வாழவந்தியில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். டாரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘கிரேனி பிராண்ட்’ என்னும் வரலாறு 1976இல் வந்தது. அம்மலையைக் காண விரும்புவோர் முதலில் அதனைக் கற்கலாம்.

8. முடிவுரை

கற்கும் வரிசையைத் தொகுத்துக் கூறின், பிராண்டின் கைப்பிடிச் சேற்றில் தொடங்குக. பின்னர்ப் பெய்லியின் உவமை விளக்கத்தைக் கற்க. அதன்பின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை மீண்டும் எடுக்க, பழைய பாடல்கள் புதிய ஒளியில் தோன்றும். அதன்பின் ஸ்டாட்டையும் பாக்கரையும் கற்று, நியூபிகினோடு உரையாடி, ஹட்சனிடம் வரலாறு கேட்க. தென்னாசிய உரை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நோலின் நூலை இறுதியில் கற்பது நலம். தன்னைத்தான் கேட்டுக்கொள்ளும் வினாவோடு கல்வி முடிதல் வேண்டும்.

இந்நூல்கள் ஆங்கிலத்தில் எழுந்தவை. ஆங்கிலம் அறியாத சிற்றூர்ப் போதகர்க்கு இச்செல்வம் எட்டாது. இறையியல் அறியாத கவிஞர்க்கோ இதன் தேவையே தெரியாது. முன்னவரிடம் மக்கள் இருக்கின்றனர். பின்னவரிடம் மொழி இருக்கிறது. கிருட்டிணப் பிள்ளையிடம் இரண்டும் ஒன்றாயிருந்தன. அவர் காலத்திற்குப் பின் இறையியல் ஒரு கரையிலும் இலக்கியம் மறு கரையிலும் ஒதுங்கின. இடையில் ஓடுவது இழப்பின் ஆறு.

பத்தாண்டு நிறைவெய்திய இவ்வட்டம் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். உரியவரிடம் இசைவு பெற்று, அக்கைப்பிடிச் சேற்றுக் கட்டுரையைத் தமிழாக்கலாம். அகராதித் தமிழில் அன்று. கொல்லிமலை முதியவர் ஒருவர் பேசக்கூடிய தமிழில். பின்னர் அதனை மலையின்மேல் கொண்டு சென்று, வயலோரத்தில் அமர்ந்து, அங்குள்ள முதியவர்கட்குப் படித்துக் காட்டலாம். ‘எங்கள் பாட்டன் இப்படிச் சொல்ல மாட்டான்’ என்று அவர்கள் திருத்தினால், அத்திருத்தமே மூலத்திற்கு அருகில் இருக்கும்.

சீகன்பால்கு தமிழரின் நூல்களைத் தம் நாட்டாருக்குச் சொன்னார். கொல்லிமலைத் தாத்தாவின் சொல்லைத் தமிழர்க்குத் திருப்பிச் சொல்லும் கடமை இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது. மண்ணால் இயலாதது சொல்லால் இயலும். அதற்குரிய கவிஞர்கள் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கின்றனர்.